மேடைக் குரலின் வரலாறு – 8: செய்யாற்றுக் கரையில் டெனர் ஏன் பிறக்கவில்லை?

ஜவ்வாது மலையில் ஊற்றெடுக்கும் செய்யாறு செங்கம், கலசபாக்கம், திருவத்திபுரம் என்று இறங்கி வந்து பாலாற்றில் கலக்கிறது. அதன் இரு கரையும் கூத்து பூமி. திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துவிட்டால் பகலில் பிரசங்கம் நடக்கும், இரவில் ஜமா எனப்படும் குழு கூத்து கட்டும். கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் விடிய விடியப் பாட்டாகவே நகரும். பாட்டும் வசனமும் அடவும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முழுக் கதையைத் தாங்குகிற மேடை என்ற அளவில் ஐரோப்பியரின் ஆப்பராவுக்கு நம்மிடம் மிக அருகில் நிற்பது இதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் முற்றிலும் வேறு. ஆப்பராவில் ஒருவரைச் சேர்க்கும்போது அவர் டெனரா, பாரிடோனா, பாஸா என்பதுதான் முதல் கேள்வி. ஜமாவிலோ, என்ன வேஷம் கட்டுவார் என்று கேட்பார்கள். இத்தனை நூற்றாண்டாகப் பாடிவரும் ஒரு மேடை தன் குரல்களை உயரம் பார்த்து வகை பிரிக்காமலே எப்படி வாழ்ந்தது? இந்தப் பகுதி அதற்கு விடை தேடுகிறது.

ஆப்பராக் குரல்களை இன்று ஆறு பெரும் வகையாகப் பிரிக்கிறார்கள். பெண்களுக்கு சோப்ரானோ, மெஸோ சோப்ரானோ, கான்ட்ரால்டோ. ஆண்களுக்கு டெனர், பாரிடோன், பாஸ். குரல் எட்டும் மேல் எல்லை, கீழ் எல்லை, எந்த இடத்தில் களைப்பின்றி நெடுநேரம் உலவுகிறது, எந்த இடத்தில் நெஞ்சுக் குரல் தலைக் குரலாக மாறுகிறது, கனம் என்ன, நிறம் என்ன என்று பலவற்றையும் பார்த்தே ஒருவருக்கு இந்தப் பெயர்களில் ஒன்று கிடைக்கும். இவையெல்லாம் இயற்கை தொண்டைக்குள்ளேயே எழுதி வைத்த பிரிவுகள் என்று பாடம் நடத்துபவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. தொண்டை எல்லைகளை மட்டுமே தருகிறது. அந்த எல்லைக்குள் எத்தனை கோடு கிழிப்பது, எங்கே கிழிப்பது என்பதை மேடையின் தொழில்முறைதான் முடிவு செய்கிறது. இதற்கு முதல் சாட்சி ஐரோப்பாவே.

1724இல் லண்டனில் ஹேண்டலின் ‘ஜூலியோ சேசரே’ அரங்கேறியபோது ரோமாபுரியின் வீரனான சீசராகப் பாடியவர் செனசீனோ. சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டு, குரல் உடையாமல் வளர்ந்த காஸ்ட்ராட்டோ பாடகர் அவர். மாவீரனுக்குப் பெண் குரலின் உயரம் பொருந்தாது என்று அன்றைய ரசிகர் யாருக்கும் தோன்றவில்லை. உயர்ந்த குரல்தான் உயர்ந்த மனிதனுக்கு உரியது என்பது அக்கால வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஸ்ட்ராட்டோக்கள் மேடையை விட்டு மறைய, கதாநாயகன் இடம் டெனருக்கு வந்தது. அந்த டெனரும் இன்றைய டெனர் அல்லர். 1829இல் ரோசினியின் ‘கியோம் டெல்’ அரங்கேறியபோது பாடிய நூரீ, உச்ச சுரங்களைத் தலைக் குரலில் மென்மையாகத் தொட்டார். 1837இல் அதே பாரிஸ் மேடையில் துப்ரே அதே உச்சத்தை நெஞ்சுக் குரலில் முழங்கினார். ரசிகர்கள் அதற்கு மயங்கிய பிறகு டெனர் என்றால் இப்படித்தான் பாட வேண்டும் என்றாகிவிட்டது. மனிதத் தொண்டை அந்த எட்டு ஆண்டில் மாறிவிடவில்லை. மாறியது கேட்பவர்களின் எதிர்பார்ப்பு.

பாரிடோனின் கதை இதைவிடத் தெளிவானது. ஆண்களில் பெரும்பாலோர்க்கு இயல்பாக அமைவது டெனருக்கும் பாஸுக்கும் இடைப்பட்ட குரல்தான். ஆனாலும் அதற்கென்று தனி இடமும் தனி மதிப்பும் ஆப்பராவில் உறுதிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வெர்டி 1842இல் ‘நபுக்கோ’வை ரொன்கோனிக்கும், 1851இல் ‘ரிகொலெத்தோ’வை வரேசிக்கும் கொடுத்து, தகப்பனையும் சபிக்கப்பட்டவனையும் அந்தக் குரலில் நிறுத்தினார். பாத்திரங்கள் வந்த பிறகே வகை நிலைத்தது. பிரான்சில் ஒருபடி மேலே போய், ஒரே ஒரு பெண்ணின் பெயரையே ஒரு குரல் வகைக்கு வைத்துவிட்டார்கள். கார்னலி ஃபால்கான் 1832இல் மேடையேறி, 1837இல், இருபத்து மூன்று வயதில், மேடையிலேயே குரலை இழந்தவர். அவருக்காக எழுதப்பட்ட பாத்திரங்கள் மிஞ்சின. அவற்றைப் பாட வல்லவர்கள் இன்றும் ‘ஃபால்கான்’ எனப்படுகிறார்கள். இயற்கையின் வகைப்பாட்டில் ஒரு தனி ஆளின் பெயருக்கு என்ன வேலை? நிரப்ப வேண்டிய இடம் ஒன்று காலியாக இருந்தது, அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இந்தத் தேவையை முழுமையான அமைப்பாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். ஊருக்கு ஊர் ஆப்பரா இல்லம், ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும் நாடகங்கள், சம்பளத்துக்கு ஒரு நிலையான குழு என்பது அவர்கள் ஏற்பாடு. ஒரு பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் மறுநாள் வேறு ஊரிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து, ஒத்திகைகூடச் சரியாக இல்லாமல், அதே பாத்திரத்தைப் பாடியாக வேண்டும். யாரை எதற்கு அழைக்கலாம், யாரை எதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லிவிட ‘ஃபாக்’ என்ற முறை வளர்ந்தது. ஆறு வகைகள் அங்கே இருபதுக்கும் மேல் பெருகின. 1951இல் ருடால்ஃப் க்ளோய்பர் வெளியிட்ட ஆப்பராக் கையேடு எந்தப் பாத்திரம் எந்த வகைக்கு உரியது என்று பட்டியலிட்டு, இல்லங்களுக்கு நடைமுறைச் சட்டம்போல ஆனது. ஃபாக் என்பது உடற்கூறு சொன்ன உண்மை அன்று. ஆள் மாற்றுவதற்கான தொழில் ஏற்பாடு. எழுதி முடித்த இசை, மாறாத சுருதி, மாற்றத்தக்க ஆள் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் குரல்கள் உயரம் பார்த்துப் பிரிக்கப்படுகின்றன.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு செய்யாற்றுக் கரைக்குத் திரும்பலாம். பத்துப்பாட்டில் கூத்தராற்றுப்படை என்ற மறுபெயரும் கொண்டது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் 583 அடிகளில், செங்கத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு மலை வழி சொல்லும் நூல் இது. ஜவ்வாது மலையை அடுத்த அதே நிலம், அதே செய்யாறு (நூலில் சேயாறு). கூத்தர்கள் சுமந்து போகும் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் எல்லாம் ஓசை வேறுபாடு தெரிய அதில் வருகின்றன. மலையின் ஓசைகளும் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. ஓசையை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் கேட்ட புலவர், அந்தக் கூட்டத்தில் யார் மேல் குரல், யார் கீழ்க் குரல் என்று பாடுவோரைப் பிரிக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அப்படியே. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு சொல்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் வகுக்கிறது. பாடுவோரைக் குரல் உயரத்தால் வகுக்கும் பேச்சே அங்கு இல்லை.

உயரத்தைப் பற்றிய அறிவு இல்லாததால் வந்த குறை அன்று இது. மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்களைத் தமிழிசை தெளிவாக வகுத்திருக்கிறது. அந்த மூன்றும் ஒரே தொண்டைக்குள் இருக்கின்றன என்பதுதான் வேறுபாடு. கீழே ஒருவர், நடுவில் ஒருவர், மேலே ஒருவர் நின்று ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடுவது ஐரோப்பிய வழக்கம். அதனால் மூன்று தானங்களும் அங்கே மூன்று ஆட்களாகப் பிரிந்தன. நம் இசையில் ஒருவரே மூன்றிலும் இறங்கி ஏறி உலவ வேண்டும். உலவத் தெரிந்தவர் பாடகர். ஒரு தானத்திலேயே நின்றுவிடுபவர் இன்னும் பயில வேண்டியவர். இங்கே ‘மேல் குரல்காரர்’ என்று ஒருவருக்குப் பெயர் வைத்தால் அது பட்டமாகாது, குறையைச் சொல்வதாகும்.

பாரத நாட்டில் குரலை வகைப்படுத்தும் முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பதிமூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் இருந்த சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் காஹுலம், நாராடம், போம்பகம், மிச்ரகம் என்று குரலை நான்காகப் பிரித்தார். கபம், பித்தம், வாதம் ஆகிய மூன்று தோஷங்களும் அவற்றின் கலவையும்தான் இந்தப் பிரிவுக்கு அடிப்படை. ஒரு குரல் எவ்வளவு மேலே போகும் என்று அவர் கேட்கவில்லை. அது குழைவானதா, கனத்ததா, உள்ளீடு அற்றதா என்று கேட்டார். அந்தக் காது இன்றுவரை நம்மிடம் இருக்கிறது. கச்சேரி ரசிகர்கள் கனத்த சாரீரம், ரவை சாரீரம், பிருகா சாரீரம் என்றும், நாடக ரசிகர்கள் வெண்கலக் குரல் என்றும் சொல்லும்போது செய்வது இதே தரம் பிரித்தல்தான். இது உயரத்தை அல்லாமல், இழையையும் ஓட்டத்தையும் அளக்கும் வகைப்பாடு.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும்: அப்படியானால் கட்டைக் கணக்கு என்பது என்ன? ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை என்பது உயரத்தால் பிரிப்பதுதானே? ஹார்மோனியம் வந்த பிறகு அதன் கட்டைகளை எண்ணிச் சுருதி சொல்லும் வழக்கம் வேரூன்றியது உண்மை. ஆனால் கட்டை குறிப்பது ஆதார சட்ஜம் எங்கே அமர்கிறது என்பதை மட்டுமே. அந்த இடத்திலிருந்து கீழே பஞ்சமம் வரையும் மேலே பஞ்சமம் வரையும் எல்லோரும் பாட வேண்டியது ஏறத்தாழ ஒரே பரப்பு. ஒரு கட்டைக்காரரும் ஐந்து கட்டைக்காரரும் அதே கீர்த்தனையை, அதே கூத்துப் பாட்டான தருவைப் பாடுவார்கள். வயதாகி ஒருவர் சுருதியை இறக்கிக்கொண்டால் அவர் பாடும் பாட்டுகள் மாறுவதில்லை. ஆப்பராவில் பாட்டு ஓரிடத்தில் நிற்கும், அதற்கேற்ற ஆளைத் தேட வேண்டும். இங்கே ஆள் நிற்பார், பாட்டு அவரிடம் வரும். கட்டை என்பது பாடுபவரின் இருப்பிடம். பாத்திரத்துக்கான தகுதி அன்று.

கூத்தில் இது சற்றுச் சிக்கலாகிறது. ஜமா முழுவதும் ஓர் இரவில் ஒரே சுருதிக்குள் நிற்க வேண்டும். முகவீணை குறுகிய நாகசுரம். அதன் சுருதியைப் பாடுபவருக்குப் பாடுபவர் மாற்ற முடியாது. ஆக, எழுதிய இசை இல்லாவிட்டாலும் மாறாத சுருதி இங்கே உண்டு. அப்படியிருந்தும் குரல் வகைகள் ஏன் பிறக்கவில்லை? பாரத்தை ஒரு தொண்டை தனியாகச் சுமக்காததுதான் காரணம். வேஷக்காரர் அடியை எடுத்துக் கொடுக்கிறார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள், முகவீணை தொடர்கிறது, அந்த இடைவெளியில் அவர் ஆடுகிறார். எட்டாத சுரத்தை வசனமாக்கிக் கொள்ளலாம், அடவால் கடக்கலாம். அதனால் ஜமாவின் பிரிவுகள் வேறு கோட்டில் அமைந்தன. கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து துரியோதனனாகவும் கர்ணனாகவும் வருபவை கட்டை வேஷங்கள், பிறகு பெண் வேஷம், பிறகு கட்டியங்காரன். திரையைப் பிடித்துக்கொண்டு வேஷம் புறப்படும்போது எவ்வளவு வீறு, எவ்வளவு தம், எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதே அளவுகோல். ஒலிபெருக்கி வராத நாளில் திறந்த வெளியின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே கட்டை வேஷத்துக்கும் பெண் வேஷத்துக்கும் உரத்த, கூர்மையான குரலே தேவைப்பட்டது. செய்யாறு பகுதியின் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வளர்த்த மரபும், கூத்தின் மற்றப் பாணிகளும் வேறு பல விஷயங்களில் வேறுபடலாம். குரல் உயரத்தால் வேஷம் பிரிக்காததில் ஒன்றுபடுகின்றன.

தமிழ் மேடையில் ஃபாக் முறைக்கு மிக நெருங்கி வந்தது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’மும் ‘பவளக்கொடி’யும் எல்லோருக்கும் பாடமான பிறகு, நடிகர்களைக் கம்பெனியாக அன்றித் தனித்தனியாகப் பேசி அழைக்க முடிந்தது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர். நாடகத்தன்று கொட்டகையில்தான் சந்திப்பார்கள். ரயிலேறி வரும் ஜெர்மன் பாடகியின் நிலைதான் இது. என் வாதம் சரியானால் இங்கே வகைகள் இறுகியிருக்க வேண்டும், இறுகவும் செய்தன. பார்ட் என்பது தொழில்பெயரே ஆகி, நோட்டீசில் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் எழுதிக் கட்டிய சுரம் இல்லாததால் அந்த வகைகள் பாத்திரத்தின் பெயரில் நின்றன, தொண்டையின் பெயரில் அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா ராஜபார்ட்டாக நின்று உச்ச சுருதியில் பாடினார், கே.பி. சுந்தராம்பாள் அவருக்கு இணையாக அதே உச்சத்தில் பாடினார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் அதே சுந்தராம்பாள் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்தார். 1941இல் ‘சாவித்திரி’யில் நாரதராக வந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. செனசீனோவின் சீசரை லண்டன் ஏற்றதுபோலவே, இவர்களைத் தமிழ் ரசிகர்களும் தயங்காமல் ஏற்றார்கள்.

பாய்ஸ் கம்பெனிகளைச் சொல்லி என்னை மடக்கலாம். 1918இல் மதுரையில் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு எழுந்த தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அத்தகைய கம்பெனிகளில் ஒரு பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவன் பார்ட் போய்விடும். உயரம்தான் அங்கே வாழ்வை முடிவு செய்தது. இது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அமைப்பைப் பாருங்கள்: நிலையான குழு, உருப்போட்ட பாட்டு, கூட்டமாகப் பழக்கிய சுருதி, ஒருவன் போனால் அடுத்த பையன். ஜெர்மன் இல்லத்தின் அத்தனை நிபந்தனைகளும் அங்கே கூடியிருந்தன. அந்தச் சகோதரர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்துக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதியதும், ஃபால்கானுக்காகப் பாரிசில் பாத்திரம் எழுதியதும் ஒரே ரகச் செயல்கள். மேடை ஆப்பரா இல்லம்போல் நடந்தால் தமிழ்த் தொண்டைக்கும் உயரமே விதியாகும் என்பதைத்தான் பாய்ஸ் கம்பெனி காட்டுகிறது.

எஞ்சுவது உடற்கூறு வாதம். பெண்களின் குரல் நாண் ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினேழு மில்லிமீட்டர், ஆண்களுடையது பதினேழு முதல் இருபத்தைந்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நீண்டு தடித்த நாண் மெதுவாக அதிர்ந்து கீழ்க் குரல் தருகிறது. பாஸ் பாடகரை எந்தப் பயிற்சியும் சோப்ரானோ ஆக்காது. இதை ஏற்றே வாதிடுகிறேன். அந்த அளவுகள் ஒரே தொடர்ச்சியாக நீள்கின்றன; பதினெட்டாவது மில்லிமீட்டரில் டெனர் முடிந்து பாரிடோன் தொடங்கும் என்று எந்தக் கோடும் அங்கே இல்லை. பாட்டு ஆசிரியர் மானுவல் கார்சியா 1854இல் கண்ணாடி வைத்துத் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். அதற்கு முன்பே வகைகள் நிலைபெற்றிருந்தன. பார்த்து வைத்த பெயர்களல்ல அவை. தமிழ்நாட்டிலேயே ஒரு நேரடிச் சோதனையும் உண்டு. தேவாலயப் பாடகர் குழுவில் சேரும் தமிழ் இளைஞர் நான்கு குரல் இசைக்காக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று உடனே பிரிக்கப்படுகிறார். அதே இளைஞர் ஊர்த் திருவிழாவில் மெல்லிசை பாடினால் யாரும் பிரிப்பதில்லை. தொண்டை ஒன்றே; எழுதிய இசை இருக்குமிடத்தில் வகை இருக்கிறது.

வகை இல்லாதது வளர்ச்சி இல்லாததன் அடையாளம் என்று கருதுவோரும் உண்டு. அவர்கள் வகைகள் விதிக்கும் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தவறான வகையில் தள்ளப்பட்டுக் குரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஆப்பரா வரலாற்றில் ஏராளம். சரியான வகையில் இருப்பதால் பல ஆண்டு காப்பாற்றப்பட்டவர்களும் ஏராளம். கூத்திலோ அந்தக் காவல் இல்லை; இரவெல்லாம் கத்திப் பாடித் தொண்டை தேய்ந்த வேஷக்காரரைப் பாதுகாக்க எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆனால் கூத்து ஒரு வாசலை மூடாமல் வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலின் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலம் தொடங்கி ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் வேஷம் பழக்கியது. பெண் கட்டை வேஷம் கட்டுவதற்குத் தடையாக நின்றது வழக்கம். குரல் உயரம் அன்று. சுருதியைப் பேசி வைத்துக்கொண்டால் துரியோதனனின் தரு ஒரு சிறுமியின் வாயிலும் துரியோதனனின் தருவாகவே இருக்கும். ‘ரிகொலெத்தோ’வை ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டுமானால் வெர்டி எழுதியதையே திருத்தி எழுத வேண்டும். குரலை வகைப்படுத்தும் முறை மேலானதா கீழானதா என்று பார்ப்பதைவிட, அது யாருக்கு வேலை தருகிறது, யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்பதே வரலாற்றுக்கு உகந்தது.

அடுத்த பகுதியில்: கிராமத் திடலுக்கு ஒலிபெருக்கி வந்தபின் உரத்த குரலின் மதிப்பு என்ன ஆனது?